ஒரு கோலி, ஒரு மணியோசை, ஒரு ஓட்டு

“ஓட்டு இயந்திரத்தையும் நம்ப மாட்டீர்கள், வாக்குச்சீட்டும் வேண்டாம் என்றால் வேறு எதை வைத்துத்தான் ரகசியமாக ஓட்டுப் போடுவது?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கிண்டலாகத்தான் கேட்டிருப்பார். ஆனால் இதற்கு நேரடியான பதில் இருக்கிறது: கோலிக்குண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள காம்பியா 1960களிலிருந்து கோலியை வைத்துத்தான் தேர்தல் நடத்திவருகிறது.

காம்பியா மிகச் சிறிய நாடு. ஓர் ஆற்றின் இரு கரையையும் ஒட்டி நீளும் குறுகலான நிலம். மூன்று பக்கமும் செனகல், மேற்கே அட்லாண்டிக் கடல். தலைநகரம் பாஞ்சுல். 1965இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்று, 1970இல் குடியரசானது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாட்டுக்கும் அரசாங்கத்துக்கும் அவரே தலைவர். நாடாளுமன்றத்தில் 58 இடங்கள். 53 பேர் தேர்தலில் வருகிறவர்கள், மீதி 5 பேர் அதிபர் நியமிப்பவர்கள். அதிபர் தேர்தலில் பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. யாருக்கு அதிகமோ அவர் அதிபர்.

சரி, கோலிக்கு வருவோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மிகுந்திருந்த காலத்தில் வந்த ஏற்பாடு இது. மறைப்புக்குப் பின்னால் வேட்பாளருக்கு ஒன்றாக இரும்புப் பீப்பாய்கள் நிற்கும். ஒவ்வொன்றிலும் கட்சி நிறம், சின்னம், வேட்பாளரின் படம். பீப்பாயின் மேல்மூடியில் கோலி நுழைகிற அளவுக்கு ஒரு குழாய். பெயரைச் சரிபார்த்து, விரலில் மை வைத்து, அதிகாரி ஒரு கண்ணாடிக் கோலியைக் கையில் தருவார். உள்ளே போய், வேண்டிய பீப்பாயின் குழாயில் அதைப் போட வேண்டும். ‘டிங்’ என்று மணி அடிக்கும். ஓட்டு முடிந்தது.

இந்த ‘டிங்’தான் எனக்குப் பிடித்த இடம்.

குழாயில் இறங்கும் கோலி முதலில் ஒரு மணியில் மோதுகிறது. பிறகு பீப்பாயின் அடியில் பரப்பியிருக்கும் மணலிலோ மரத்தூளிலோ போய் விழுகிறது. ஒரே கோலி, இரண்டு மோதல். முதலாவது காதில் விழ வேண்டும். இரண்டாவது விழவே கூடாது. அடியில் வெறும் தகடாக இருந்தால் கோலி துள்ளித் துள்ளி இன்னும் நாலைந்து சத்தம் எழுப்பும். வெளியே இருக்கும் அதிகாரிக்கு எத்தனை ஓட்டு விழுந்தது என்றே தெரியாமல் போய்விடும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாதாரணக் கண்ணாடிக் கோலி ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் அதிகம் இருக்கும். அரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் வேகம் விநாடிக்கு மூன்று மீட்டர். உலோகத்தில் மோதும்போது தொடர்பு ஒரு மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்குதான் நீடிக்கிறது என்று வையுங்கள். அவ்வளவு நேரத்துக்குள் கோலி நிற்க வேண்டுமென்றால் மணி தாங்குகிற சராசரி விசை சுமார் 17 கிலோ எடைக்குச் சமம். ஐந்து கிராம் கோலிக்கு இது நம்பவே முடியாத அடி! இவ்வளவு சுருக்கென்று விழுகிற அடிதான் உலோகத்தின் உயர் அதிர்வெண்களைத் தட்டி எழுப்பும்.

அதே வேகத்தில் மரத்தூளில் விழுந்தால் தூள் விலகி, நெரிந்து, உராய்ந்து கோலியை மெல்ல நிறுத்துகிறது. நிற்க 10 மில்லிசெகண்ட் ஆனால் விசை நூறில் ஒரு பங்காகிவிடும், 170 கிராம் எடை அளவுதான். கிரிக்கெட்டில் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுப்பாரே, அதே உந்தக் கணக்கு. ஆற்றல் தூளுக்குள் வெப்பமாகக் கரைகிறது, அதிர்வதற்கு அங்கே எதுவும் இல்லை.

இப்போது அந்த ஒற்றை ‘டிங்’ என்னென்ன சொல்கிறது என்று பாருங்கள். இரண்டு முறை அடித்தால், வீட்டிலிருந்து கோலி கொண்டுவந்து கூடுதலாகப் போட்டிருக்கிறார். அடிக்கவே இல்லையென்றால், கொடுத்த கோலியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே விற்கப் போகிறார். கூடுதலையும் குறைவையும் ஒரே ஓசை காட்டிக்கொடுக்கிறது. ஆனால் யாருக்கு ஓட்டு என்பதை மட்டும் சொல்வதில்லை. அதற்கு எல்லாப் பீப்பாயின் மணியும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் கட்டையாக ஒலித்தாலும் ரகசியம் போச்சு. சாவடிக்குப் பக்கத்தில் சைக்கிளுக்குத் தடை இருப்பதும் மணியால்தான். வெளியே யாராவது சைக்கிள் மணி அடித்தால் உள்ளே ஓட்டு விழுந்ததாகிவிடும்.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. நேர் எதிரே வரும் ஓசை ஒரு டிகிரி விலகினாலும் நம் காதுகள் கண்டுபிடிக்கும். அரை மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு பீப்பாய்களை ஐந்து மீட்டர் தள்ளியிருந்து கேட்டால் கோண வித்தியாசம் கிட்டத்தட்ட ஆறு டிகிரி. கூர்ந்து கேட்கும் ஒரு கட்சி ஏஜெண்டுக்கு இது போதாதா? அமைதியான அறையில் போதும் என்றுதான் சொல்வேன். நம் பக்கம் நிற்கிற ஒரே ஆறுதல், 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான ஓசையின் திசையைக் கணிப்பதில் மனிதக் காது சற்று மந்தம் என்பதுதான். யாராவது இதை அளந்து பார்க்க வேண்டும். பெரிய செலவில்லை, நாலு பீப்பாயும் பத்துப் பேரும் போதும். ஆனால் இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு எந்த நாட்டில் பணம் தருகிறார்கள்?

எண்ணுவதும் அழகு. 200 அல்லது 500 குழிகள் கொண்ட தட்டில் கோலிகளைக் கொட்டிப் பரப்புகிறார்கள். தட்டு நிறைந்தால் 500. ஒரு குழி காலியாக இருந்தால் எல்லார் கண்ணுக்கும் தெரியும். மடித்தது சரியில்லை, முத்திரை கோட்டில் பட்டுவிட்டது என்ற சண்டைக்கு இடமேயில்லை.

இத்தனை இருந்தும் சர்வாதிகாரம் வந்ததே என்று கேட்பீர்கள். வந்தது. 1994 ஜூலையில் 29 வயது ராணுவ லெப்டினன்ட் யஹ்யா ஜாமே ஆட்சியைப் பிடித்தார். பிறகு 1996, 2001, 2006, 2011 என்று நான்கு தேர்தல்களில் ‘வென்றார்’. பீப்பாய்க்குள் மோசடி செய்வது கடினம். வாக்காளரை மிரட்டுவதும் எதிர்க்கட்சிக்காரரைச் சிறையில் தள்ளுவதும் சுலபம். 2011இல் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸ், மக்கள் பயந்துபோயிருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்வையாளர்களையே அனுப்பவில்லை.

இதே ஜாமேதான் 2007இல் மூலிகையால் எய்ட்ஸைக் குணப்படுத்துவதாக அறிவித்து, நோயாளிகளை மாத்திரையை நிறுத்தச் சொன்னார். கேள்வி கேட்ட ஐ.நா. அதிகாரி நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டார். 1947இலிருந்து பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம் இயங்கிவரும் நாடு அது. மருந்து தோய்த்த கொசுவலை குழந்தைகளின் உயிரைக் காக்கும் என்று உலகுக்குக் காட்டிய ஆய்வுகளில் முக்கியமானது அங்கேதான் நடந்தது. ஆய்வுக்கூடம் பக்கத்தில் இருந்தால் மட்டும் ஆள்பவருக்கு அறிவியல் ஒட்டிக்கொள்ளாது போல.

2016 டிசம்பர் 1. எதிர்க்கட்சிகளின் கூட்டணி வேட்பாளராக அடாமா பாரோ நின்றார். எண்ணிக்கை அந்தந்தச் சாவடியிலேயே, எல்லாக் கட்சி ஏஜெண்டுகளின் கண்முன்னே நடந்தது. எண்ணியதைச் சாவடியிலேயே எழுதிக்கொண்டால், பெட்டி போகும் வழியில் மாற்றுவது எப்படி? மறுநாள் பாரோ வெற்றி என்று அறிவித்தார்கள். ஜாமேயும் ஒப்புக்கொண்டார், நாடே ஆச்சரியப்பட்டது.

அப்புறம்தான் வேடிக்கை. 5ஆம் தேதி தேர்தல் ஆணையம் திருத்தம் வெளியிட்டது. பாரோவின் 2,63,515 ஓட்டு 2,27,708 ஆனது, ஜாமேவுக்கு 2,08,487. கோலி எண்ணியதில் தவறில்லை, ஒரு பகுதியின் எண்களைத் தாளில் கூட்டியதில்தான் பிசகு. வெற்றி 43 சதவீதத்தோடு பாரோவுக்கே என்றாலும் ஜாமேவுக்கு ஒரு பிடி கிடைத்தது. 9ஆம் தேதி முடிவை ஏற்க மறுத்தார். உச்ச நீதிமன்றம் போனார். விசாரிக்கப் போதுமான நீதிபதிகளே அங்கே இல்லை. பாரோ 2017 ஜனவரி 19 அன்று செனகல் தலைநகர் டாக்காரில் உள்ள காம்பியத் தூதரகத்தில் பதவியேற்றார். எக்கோவாஸ் படைகள் எல்லை தாண்டின. ஜாமே 21ஆம் தேதி நாட்டைவிட்டுப் போனார்.

பாதிக்கு மேல் வாங்கினால்தான் அதிபர், ஒருவருக்கு இரண்டு முறைதான் பதவி என்ற புதிய அரசியல் சட்ட வரைவு 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஆதரவு 31, எதிர்ப்பு 23. முக்கால்வாசி ஆதரவு தேவை என்பதால் விழுந்துவிட்டது. கோலிக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது: ஆளுக்கொரு பீப்பாய். 2021இல் ஆறு பேர் நின்றார்கள், சாவடிக்கு ஆறு பீப்பாய். இருபது பேர் நின்றால் செய்வதும் வண்ணம் அடிப்பதும் ஏற்றிப் போவதும் பெரிய வேலை. மறைப்புக்குள் இடமும் போதாது. காகிதத்துக்கு மாறலாம் என்ற பேச்சு எழுவது இதனால்தான். மாறினால் செல்லாத ஓட்டு எது என்பதற்குப் புதிதாக விதி எழுதவேண்டி வரும்.