புதுமைப் பெண் திட்டம்: கல்லூரிக்குப் போகும் மகளுக்கு மாதம் 1000 ரூபாய்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால், மாதம் 1000 ரூபாய் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலேயே விழும். இதுதான் புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. 2024 டிசம்பரில், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் சேர்த்தார்கள். பையன்களுக்கு இதே தொகையைத் தருவது தமிழ்ப் புதல்வன் திட்டம்.

முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்தது திருமண உதவித் திட்டம். பட்டம் படித்த பெண்ணுக்கு 50,000 ரூபாயும், தாலிக்கு 8 கிராம் தங்கமும் கொடுத்தார்கள். ஆனால் கல்யாணம் கூடினால்தான் அது கைக்கு வரும். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய அந்த அம்மையாரின் பெயரில் இப்போது படிப்புக்கே பணம் வருகிறது. என்னைப் பொறுத்தவரை இது பெரிய மாற்றம்.

1000 ரூபாயில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள், கூலி வேலைக்குப் போகும் வீட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், தேர்வுக் கட்டணம் என்று ஒவ்வொன்றுக்கும் அப்பாவின் முகத்தைப் பார்த்துத் தயங்கி நிற்கும் பிள்ளைக்கு, கேட்காமலே வரும் பணம் இது.

சாதி, வருமான வரம்பு கிடையாது. ஒரே வீட்டில் அக்கா, தங்கை இருவரும் வாங்கலாம். வேறு உதவித்தொகை வாங்கினாலும் தடையில்லை. ஆனால் தொலைதூரக் கல்வியில் படித்தால் இந்தப் பணம் கிடைக்காது.

விண்ணப்பத்துக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டாம். கல்லூரியிலேயே இணையத்தில் பதிவு செய்வார்கள். ஆதார், மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், பாஸ்புக் எல்லாம் கையில் இருக்கட்டும்.

சரி, எல்லாம் கொடுத்தும் “பணம் வரலையேம்மா” என்றால்? முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள். பள்ளியில் ஸ்காலர்ஷிப்புக்காகத் தொடங்கிய கணக்கு ஒன்று, கல்லூரி பக்கத்தில் தொடங்கியது இன்னொன்று என்று பலரிடம் இரண்டு இருக்கும். அரசுப் பணம் கடைசியாக எந்தக் கணக்கை ஆதாரோடு இணைத்தீர்களோ அதற்குத்தான் போகும். வங்கியில், “ஆதார் வழியா வர்ற பணம் எந்தக் கணக்குக்குப் போகுது?” என்று கேட்டு, பழைய பாஸ்புக்கையும் ஒருமுறை என்ட்ரி போட்டுப் பாருங்கள்.