சுயமரியாதைத் திருமணம்: சட்டம் கேட்பது எது, கேட்காதது எது

தமிழ்நாட்டில் ஒரு திருமணம் செல்லுபடியாக ஐயர் வேண்டாம், ஹோமம் வேண்டாம், தாலிகூட வேண்டாம். உறவினரோ நண்பரோ பார்த்திருக்க இருவரும் மாலை மாற்றிக்கொண்டாலே போதும். ஆனால் அந்த இருவரும் சட்டத்தின் கணக்கில் 'இந்து'வாக இருக்க வேண்டும். சுயமரியாதைத் திருமணத்தில் பின்னால் வரும் சிக்கல்களில் பெரியவை, இந்தக் கடைசி நிபந்தனையை யாரும் கவனிக்காமல் விடுவதால் வருபவைதான்.

இதற்கான சட்டம் தனிச் சட்டம் அல்ல. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்துக்கொண்ட 7-ஏ என்ற ஒரே ஒரு பிரிவு. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் சட்டமன்றத்தில் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் ஆங்கில மூலத்திலேயே 'சுயமரியாதை', 'சீர்திருத்த' என்ற தமிழ்ச் சொற்கள் அப்படியே இருக்கின்றன. புதுச்சேரியிலும் இதே பிரிவு உண்டு.

பிரிவு சொல்வது இதுதான். உறவினர், நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில் கீழ்க்கண்டவற்றில் ஏதாவது ஒன்று நடந்தால் அது முழுமையான திருமணம்:

ஒன்று, 'இவரை என் மனைவியாக ஏற்கிறேன்', 'இவரை என் கணவராக ஏற்கிறேன்' என்று இருவருக்கும் புரிகிற எந்த மொழியிலாவது இருவரும் சொல்வது. அல்லது, ஒருவருக்கொருவர் மாலை அணிவிப்பது அல்லது ஏதாவது ஒரு விரலில் மோதிரம் போடுவது. அல்லது, தாலி கட்டுவது.

இங்கே 'அல்லது' என்ற சொல்தான் உயிர். மசோதாவின் வரைவில் 'மற்றும்' என்று இருந்ததைப் பெரியார் பார்த்து 'அல்லது' ஆக்கச் சொன்னார் என்று திராவிட இயக்க மேடைகளில் சொல்வதுண்டு. அந்த ஒரு சொல் மாறியிருக்காவிட்டால் தாலி இல்லாத திருமணம் இன்றைக்கும் நீதிமன்றப் படியில்தான் நின்றிருக்கும்.

1967-க்கு முன்னால் நிலைமை அப்படித்தான் இருந்தது. 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்ததை முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். அதன்பின் கால் நூற்றாண்டாக ஆயிரக்கணக்கான பேர் அந்த முறையில் மணந்துகொண்ட பிறகு, 1953-இல் ஒரு சொத்து வழக்கில் (தெய்வானை ஆச்சி வழக்கு) சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்றது. சடங்கும் இல்லை, நெடுங்கால வழக்கமும் இல்லை என்பதுதான் காரணம். திருமணம் செல்லாது என்றால் மனைவி மனைவி இல்லை, பிள்ளைக்கு வாரிசுரிமை இல்லை. அதனால்தான் 7-ஏ பிரிவு பின்னோக்கியும் பாய்கிறது. 1968-க்கு முன் அந்த முறையில் நடந்தவையும், நடந்த நாளிலிருந்தே செல்லுபடியானவை. அந்தப் பிள்ளைகளும் சட்டப்படியான பிள்ளைகள்.

தலைமை தாங்குபவருக்கு என்ன அதிகாரம்?

சட்டப்படி எதுவும் இல்லை. கட்சித் தலைவரோ, தமிழாசிரியரோ, ஊர்ப் பெரியவரோ மேடையில் நின்று உறுதிமொழி படிப்பது மரபு, மரியாதை. அவர் இல்லாமலும் திருமணம் செல்லும். ஸ்காட்லாந்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். அங்கே 2005 முதல், மதம் சாராத மனிதநேய (humanist) அமைப்புகளின் நடத்துநர்கள் சட்டப்படி திருமணம் செய்துவைக்கலாம். ஆனால் அங்கீகாரம் அந்த நடத்துநருக்கு. அனுமதி இல்லாதவர் நடத்தினால் அது வெறும் விழா. தமிழ்நாட்டுச் சட்டம் நடத்துபவரை விட்டுவிட்டு, மணமக்கள் செய்யும் செயலை அங்கீகரிக்கிறது. இரண்டில் எது சுயமரியாதைக்கு நெருக்கம் என்று கேட்டால் பதில் தெளிவு.

வழக்கறிஞர் அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் மாலை மாற்றிக்கொள்வது செல்லுமா என்ற கேள்வி நெடுநாள் இழுத்தது. 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. ஊரறிய நடக்க வேண்டும் என்பது அதன் வாதம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 7-ஏ பிரிவு பகிரங்க அறிவிப்பு எதையும் கேட்கவில்லை, வீட்டாரின் எதிர்ப்புக்குப் பயந்து சிலர் ரகசியமாகத்தான் மணக்க முடியும், வழக்கறிஞரும் நண்பர் என்ற முறையில் உடனிருக்கலாம் என்றது. வழக்கறிஞர் என்ற தொழில்முறைத் தகுதியில் திருமணம் நடத்திவைக்க முடியாது, அவ்வளவுதான்.

சடங்கு குறைவு என்பதால் கடமையும் குறைவு என்று நினைத்தவர்களும் உண்டு. முதல் மனைவி இருக்கும்போது கோயிலில் வேறொரு பெண்ணுக்குத் தாலி கட்டியவர் 'சப்தபதி (தீ முன் மணமக்கள் ஏழு அடி வைக்கும் சடங்கு) நடக்கவில்லை, ஆகவே இரண்டாம் திருமணமே நடக்கவில்லை' என்று வாதாடினார். 2001-இல் உச்ச நீதிமன்றம் 7-ஏ பிரிவைக் காட்டி, தாலி கட்டியதே போதும், இருதார மணக் குற்றம் நடந்திருக்கிறது என்றது.

யார் 'இந்து'?

கடவுள் நம்பிக்கைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு இந்து, பௌத்தர், சமணர், சீக்கியர் எல்லோரையும் உள்ளே இழுக்கிறது. அதற்குமேல், முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத மற்ற எவருக்கும் பொருந்தும் என்கிறது. 'இந்து' என்ற சொல் வரும் இடமெல்லாம், மதத்தால் இந்து அல்லாவிட்டாலும் இந்தச் சட்டம் பொருந்துகிறவர்களையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று உட்பிரிவு 3 சொல்கிறது. ஆக, கருப்புச் சட்டை போட்ட முழு நாத்திகரும் இந்தச் சட்டத்துக்கு இந்துவே. பௌத்தம் தழுவியவரும் இந்து வீட்டுப் பெண்ணும் 7-ஏ வழியாகத் தடையில்லாமல் மணக்கலாம்.

சாதி, மதம் அற்றவர் என்று சான்றிதழ் வாங்கியவர்கள் நிலை? பள்ளிச் சேர்க்கையில் சாதி, மதக் கட்டத்தை வெறுமையாக விடலாம் என்று தமிழ்நாடு அரசு 1973-லும் 2000-லும் ஆணையிட்டிருக்கிறது. 2019-இல் திருப்பத்தூரில் ஒரு பெண் வழக்கறிஞர் வட்டாட்சியரிடம் அப்படிச் சான்றே பெற்றார். அந்தச் சான்று ஒருவரின் கொள்கையை அரசு ஏட்டில் ஏற்றுகிறது. திருமணச் சட்டத்தில் அவருடைய இடம் மாறிவிடாது. முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் என்ற நாலில் எதிலும் இல்லாதவர் என்பதாலேயே அவர் இந்து திருமணச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறார். மதமே வேண்டாம் என்று வெளியே வந்தவருக்கும் சட்டம் ஒரு மதப் பெயரைத்தான் ஒட்டுகிறது. கொள்கைப்படி இது எரிச்சல், நடைமுறையில் வசதி.

வெளியே நிற்பவர்கள் இருவர். ஒன்று, பட்டியல் பழங்குடியினர். மத்திய அரசு தனியாக அறிவிக்காதவரை இந்து திருமணச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. இரண்டு, இருவரில் ஒருவர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருக்கும் இணையர்.

கிறிஸ்தவர் விஷயத்தில் சட்டம் கறாரானது. 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, ஒருவர் மட்டும் கிறிஸ்தவராக இருந்தாலும் அந்தச் சட்டம் சொல்லும் முறையில் நடக்காத திருமணம் செல்லாது (சிறப்புத் திருமணச் சட்டம் தனி வழி). கிறிஸ்தவ இளைஞரும் இந்துப் பெண்ணும் கோயிலில் தாலி கட்டி, பதிவும் செய்திருந்த வழக்கு ஒன்றில் 2008-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கியது. பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தும் காப்பாற்றவில்லை.

தமிழ்நாட்டில் இதில் இன்னொரு முடிச்சு உண்டு. ஞாயிறு தோறும் தேவாலயம் போகும் குடும்பங்கள் பலவற்றில் சாதிச் சான்றிதழில் 'இந்து' என்றே இருக்கும். 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை இந்து, சீக்கியர், பௌத்தருக்கு மட்டுமே என்பதுதான் காரணம். பதிவு அலுவலகத்தில் காகிதத்தைப் பார்த்துப் பதிந்துவிடுவார்கள். பிறகு விவாகரத்தோ சொத்து வழக்கோ வரும்போது எதிர்த்தரப்பு ஞானஸ்நானப் பதிவேட்டைக் கொண்டுவரும். சந்தேகம் துளி இருந்தாலும் 7-ஏ வேண்டாம், அடுத்து வரும் வழியே பாதுகாப்பு.

மதம் வேறாக இருந்தால்

1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் யாருடைய மதத்தையும் கேட்காது. இதன் முன்னோடியான 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தில், 'நான் இந்து அல்ல, கிறிஸ்தவர் அல்ல, முஸ்லிம் அல்ல' என்று மறுத்துக் கையெழுத்திட்டால்தான் மணக்க முடியும். இப்போது அந்த மறுப்பு தேவையில்லை. அவரவர் மதத்திலேயே இருக்கலாம், எதிலும் இல்லாமலும் இருக்கலாம்.

நடைமுறைக்கு நாள் பிடிக்கும். இருவரில் ஒருவராவது குறைந்தது 30 நாள் குடியிருந்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது அறிவிப்புப் பலகையில் 30 நாள் தொங்கும். வேறு மாவட்டத்தில் நிரந்தர முகவரி இருந்தால் அங்குள்ள அலுவலருக்கும் ஒரு படி போகும். ஓடிவந்த இணையருக்கு ஆபத்து இங்கேதான். ஆட்சேபிக்கிறவர் 'சாதி வேறு', 'எங்களுக்குச் சம்மதமில்லை' என்றால் அது ஆட்சேபணையே அல்ல. வயது, ஏற்கெனவே உள்ள திருமணம், மனநலம், தடைசெய்த உறவு ஆகியவற்றை மட்டுமே கிளப்பலாம். கெடு முடிந்ததும், அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் 3 சாட்சிகளோடு போய், அலுவலர் முன் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். 3 மாதம் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து.

தடைசெய்த உறவு என்பதில் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். மாமன் மகள், அத்தை மகள், அக்காள் மகள் மூவருமே சிறப்புத் திருமணச் சட்டத்தின் தடைப் பட்டியலில் இருக்கிறார்கள். இந்து திருமணச் சட்டத்தில் 'எங்கள் வழக்கம்' என்று சொல்லித் தப்பலாம். இங்கே அந்த வழக்கத்தை மாநில அரசு அரசிதழில் அறிவித்திருந்தால்தான் ஆகும். முறைப்பெண்ணை மணப்பவர் 7-ஏ பக்கம் போவதே சரி.

சொத்துக் கணக்கும் மாறும். இருவரும் இந்து என்றால் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தாலும் இந்து வாரிசுரிமைச் சட்டமே தொடரும். ஒருவர் கிறிஸ்தவர் அல்லது முஸ்லிம் என்றால் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்குப் போய்விடும், இந்துத் தரப்பினர் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகவும் கருதப்படுவார்.

பதிவு

'ரிஜிஸ்டர் மேரேஜ்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு காரியங்களைச் சொல்கிறோம். சிறப்புத் திருமணச் சட்டத்தில் அலுவலர் முன்னால்தான் திருமணமே நடக்கிறது. மற்றதில், ஏற்கெனவே நடந்த திருமணத்தை சார்பதிவாளர் ஏட்டில் எழுதுகிறார், அவ்வளவே. மாலைகூட மாற்றாமல் நேரே போய்க் கையெழுத்திட்டு வந்தவர்களிடம் சான்றிதழ் இருக்கும், திருமணம் இருக்காது. சடங்கே நடக்காமல் வாங்கிய சான்றிதழ் திருமணத்தை உண்டாக்காது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அலுவலக வாசலிலாவது சாட்சிகள் பார்க்க மாலை மாற்றிப் படம் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை அவகாசம். திருமணம் நடந்த இடத்தில் மட்டுமல்ல, மணமக்களில் யாராவது ஒருவர் குடியிருக்கும் எல்லையிலும் பதியலாம். பதிவுத்துறையின் இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, நாள் குறித்துக்கொண்டு, சாட்சிகளோடு இருவரும் நேரில் போக வேண்டும். வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம், திருமணம் நடந்ததற்கு ஆதாரம் ஆகியவை கையில் இருக்கட்டும்.

இந்தக் கடைசி ஆதாரத்தில்தான் சுயமரியாதைத் திருமணக்காரர்கள் தடுமாறுவார்கள். கோயில் ரசீது எங்கே, மண்டப ரசீது எங்கே என்று கேட்பார்கள். அச்சிட்ட அழைப்பிதழ், மாலை மாற்றும் படம், தலைமை தாங்கியவர் தேதி, இடம் குறித்துக் கையெழுத்திட்ட உறுதிமொழித் தாள் மூன்றும் இருந்தால் பேச்சு குறையும். சென்னை பெரியார் திடலில் உள்ள சுயமரியாதைத் திருமண நிலையம் போன்ற அமைப்புகள் தரும் சான்றும் நல்ல ஆதாரம். ஆனால் அது அரசுப் பதிவுக்கு ஈடல்ல, அதோடு நின்றுவிடக் கூடாது.

மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று 2019-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்திருக்கிறது. அந்தக் காரணம் சொல்லிப் பதிய மறுக்க முடியாது.

மறுமணம் என்றால் நீதிமன்றத் தீர்ப்பு நகலோ இறப்புச் சான்றோ அவசியம். முத்திரைத்தாளில் 'இனி உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை' என்று எழுதி நோட்டரி முத்திரை வாங்கிய விடுதலைப் பத்திரம் விவாகரத்து ஆகாது. சாதி வழக்கப்படி பிரிந்தோம் என்பவர்கள் அந்த வழக்கத்தை நிரூபித்தாக வேண்டும். தீர்ப்பு வந்த மறுநாளே மாலை எடுக்கவும் கூடாது, மேல்முறையீட்டுக்கான 90 நாள் கழியட்டும்.