செருப்பு போட்டுக்கொண்டால் கரண்டு அடிக்காதா?

“வாஷிங் மெஷினத் தொட்டா லேசா குறுகுறுன்னு இருக்கு தம்பி, செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியல.”

2023 மார்ச் வெள்ளம் வடிந்து ஒரு வாரம் இருக்கும். மலேசியாவின் ஜொகூரில், சிகாமட்டுக்கும் லாபிஸுக்கும் இடையில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு அக்கா இப்படிச் சொன்னார். என்னைக் கூப்பிட்டது அதற்காக இல்லை, ஹாலில் ஃபேன் ஓடவில்லை என்று. இது போகிற போக்கில் சொன்னது. வயர்மேன் வேலையில் எனக்குப் பயம் தருவது இந்த மாதிரிப் போகிற போக்கில் சொல்லும் விஷயங்கள்தான்.

மெஷினைத் தொட்டால் கரண்டு தெரிகிறது என்றால் இரண்டு கோளாறு சேர்ந்திருக்கிறது. உள்ளே ஈரத்தில் லைவ் வயரிலிருந்து கரண்டு கசிகிறது, அதைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டிய எர்த் வயர் வேலை செய்யவில்லை. செருப்பு இந்த இரண்டில் எதையும் சரிசெய்யாது. சரி, கரண்டு கசிந்தால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஏன் விழவில்லை? டிபி பெட்டியை (மெயின் சுவிட்சுகள் இருக்கும் பெட்டி) திறந்தால், வீடு முழுவதற்கும் ஒன்றே ஒன்று, அதுவும் 100 மில்லி ஆம்பியர். கசிவு பெரிதாகும் வரை அது அசையாது, ஆனால் மனுஷனுக்கு 30 மில்லி ஆம்பியரே உயிருக்கு ஆபத்து. பிளக் பாயின்ட்டுக்கு 30, குளியலறை ஹீட்டருக்கு 10 என்று தனித்தனியாக வைக்கச் சொல்வது இதனால்தான். பழைய வீடுகளில் அதையெல்லாம் யார் மாற்றினார்கள்?

சாமி மேடைக்குக் கீழே இருந்த பிளக் பாயின்ட்டைக் கழற்றினேன். வெளியே துடைத்துப் பளிச்சென்று இருந்தது. ஸ்குரூவை இளக்கி மூடியை இழுத்ததும் டீ நிறத்தில் தண்ணீர் சுவரில் கோடு போட்டு இறங்கியது, பின்னாலேயே ஒரு கை சேறு, செம்பு முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது. ஒரு பாயின்ட்டிலிருந்து அடுத்ததுக்குத் தரைக்குள் ஓடும் குழாயில் புகுந்த தண்ணீர் எங்கே போகும்? ஹால் தரை காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும்போதும் அது உள்ளே வாரக்கணக்கில் நிற்கும். ஹேர் டிரையர் வைத்துக் காயவைத்தேன் என்பார் சிலர் (அதை எந்தப் பிளக்கில் சொருகினீர்கள் என்று கேட்டால் பதில் வராது).

மெயினை அடைத்து, சாமான்களையெல்லாம் பிடுங்கிவிட்டு மெக்கர் (வயரில் கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும் மீட்டர்) வைத்தேன். 500 வோல்ட்டில் சோதித்தால் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். அந்தப் பிளக் லைன் காட்டியது 0.02.

இந்த நிலைமையில் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருந்தால் கோபப்படாதீர்கள், அது தன் வேலையைச் செய்கிறது. கைப்பிடியைத் தூக்கி டேப் ஒட்டினாலும் உள்ளே அது விழத்தான் செய்யும். அதனால் சில கெட்டிக்காரத் தம்பிகள் அதையே தாண்டி வயரைக் கொடுத்துவிட்டு ‘சரியாயிருச்சு அண்ணே’ என்று காசு வாங்கிப் போய்விடுகிறார்கள். தண்ணீரில் மூழ்கிய ஆர்சிசிபி, எம்சிபி (கரண்டு அளவு மீறினால் விழும் சுவிட்சு) எதுவாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள், துடைத்து மாட்ட வேண்டாம்.

தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்தால், காய்ந்த தரையில் நிற்கும்போதே மெயினை அடைத்துவிட்டு நிவாரண மையத்துக்குக் கிளம்புங்கள். உள்ளே தண்ணீர் வந்துவிட்டதா, டிபி பெட்டி பக்கமே போகாதீர்கள், 15454க்கு அடித்து மின்சார நிறுவனமான டிஎன்பியிடம் சொல்லுங்கள்.

அப்புறம் ஜென்செட், அதாவது ஜெனரேட்டர். இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரைச் செய்து சுவர் பிளக்கில் சொருகி வீடு முழுக்க வெளிச்சம் போடும் வித்தை எங்கள் ஊரில் நிறையப் பேருக்குத் தெரியும். மெயின் அடைக்காமல் இருந்தால் அந்தக் கரண்டு வெளியே லைனுக்குப் போகும், டிரான்ஸ்பார்மர் அதைத் திருப்பி 11,000 வோல்ட் வரை ஏற்றிவிடக்கூடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவரை நினைத்துப் பாருங்கள். ஜென்செட்டை வீட்டுக்குள் வைத்து ஓட்டவே கூடாது, அதன் புகையில் தூங்கியவர்கள் எழுந்திருப்பதில்லை.

அக்கா வீட்டில் கீழே இருந்த அந்தப் பிளக் லைனைப் பிரித்துவிட்டு, சோதனையில் தேறிய விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டும் கரண்டு கொடுத்தேன். அவருக்கு முகமே சரியில்லை, அரிசி சட்டியைக் கூடப் போட முடியாதா என்றார். இரண்டு வாரம் கழித்து அந்த லைன் 4 மெகா ஓம் காட்டியது. பாயின்ட்டுகளை மாற்றி, எர்த் புதிதாக அடித்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மாட்டினேன். மெஷின் தேறவில்லை, மோட்டார் முழுக்கச் சேறு.

போன மாதம் வேறு வேலையாகப் போனேன். புது மெஷின் முன்னாலும் அதே ரப்பர் செருப்பு. “பழகிப்போச்சு தம்பி” என்றார்.