சட்டமன்றத்தின் ஐந்து வருடம் எந்த நாளில் தொடங்குகிறது?

எங்கள் வக்கீல் பேச்சில் 'கட்சிக்காரர்' என்றால் வழக்கோடு வருபவர். ஒருமுறை என்னிடம் வந்தவர் இரண்டு பொருளிலும் கட்சிக்காரர். இடைத்தேர்தலில் நிற்க, வேட்புமனுவோடு வைக்கும் பிரமாணப் பத்திரம் தயார் செய்யச் சொன்னார். வேலை முடிந்து டீ வந்ததும், "ஜெயிச்சா அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல சார்" என்றார். சட்டமன்றத்துக்கு அப்போது இரண்டு வருடம்கூட மிச்சமில்லை. இடைத்தேர்தலில் வென்றவருக்கு அந்த மிச்சக் காலம்தான் என்றேன். டீயைக் கீழே வைத்துவிட்டார்.

இது அவர் ஒருவரின் குழப்பம் அல்ல. படித்தவர்களே தேர்தல் முடிவு வந்த நாளிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 172-வது பிரிவு, பேரவையின் முதல் கூட்டத்துக்குக் குறித்த நாளிலிருந்து எண்ணச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2021-இல் முடிவு வந்தது மே 2, முதல்வர் பதவியேற்றது மே 7, பேரவை கூடியது மே 11. ஆகவே அந்தப் பேரவையின் ஆயுள் 2026 மே 10 வரை.

அதே பிரிவு ஐந்து வருடத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது என்கிறது. அதற்கு முன்னால் முடியவே கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. தமிழ்நாட்டின் பழைய கதை முழுக்க இந்த இடைவெளிக்குள்தான் நடந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில், 1919 சட்டப்படி சென்னை சட்டசபைக்கு மூன்றே வருடம். 1935 சட்டம் அதை ஐந்தாக்கியது. சுதந்திர இந்தியாவும் ஐந்தையே வைத்துக்கொண்டது. 1952, 1957, 1962 தேர்தல்களில் அமைந்த அவைகள் காலத்தை முடித்தன. அப்புறம் 1967 தொடங்கி வரிசையாக ஆறு அவைகள், ஒன்றுகூட ஐந்தைத் தொடவில்லை!

எல்லாம் மத்திய அரசு கலைத்ததால் வந்ததில்லை. 1971-இல் மக்களவைத் தேர்தலோடு சேர்ந்து போகலாம் என்று முதல்வர் கருணாநிதியே ஒரு வருடம் முன்னதாகக் கலைக்கச் சொன்னார். 1984-இலும் மக்களவைத் தேர்தலோடு சேர்த்தே சட்டமன்றத் தேர்தல் வந்தது. மற்ற நான்கில் குடியரசுத் தலைவர் ஆட்சி. 1976 ஜனவரி 31-இல் திமுக ஆட்சி போனபோது பேரவைக்கு இரண்டு மாதம்கூட பாக்கியில்லை. அதுகூடப் பொறுக்கவில்லை. இதே நெருக்கடி நிலைக் காலத்தில் பக்கத்துக் கேரளத்தில் என்ன நடந்தது தெரியுமா? 1970-இல் அமைந்த அவையின் காலத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். அது ஆறு வருடத்துக்கு மேல் இருந்தது. நெருக்கடி நிலையில் அப்படி நீட்டிக்க 172-வது பிரிவிலேயே வழி இருக்கிறது. 42-வது திருத்தம் எல்லாச் சட்டமன்றங்களுக்கும் ஆறு வருடம் என்றே ஆக்கியது. 44-வது திருத்தம் அதைப் பழையபடி ஐந்தாக்கியது. தனி அரசமைப்பு வைத்திருந்த ஜம்மு காஷ்மீரில் மட்டும் 2019 வரை ஆறுதான்.

1980 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. அவர் மறைந்த பின், பேரவைக்குள் கைகலப்பில் முடிந்த நம்பிக்கை வாக்கெடுப்பை ஒட்டி, 1988 ஜனவரி 30-இல் அடுத்த கலைப்பு. 1991-இலும் ஜனவரி 30. ஜனவரிக் கடைசிக்கும் நம் சட்டமன்றத்துக்கும் ஆகவே ஆகாது போல! அந்த 1991 கலைப்பில், அதற்கான அறிக்கையைத் தர ஆளுநர் பர்னாலா மறுத்தார். குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு வழி தரும் 356-வது பிரிவில் ஆளுநரின் அறிக்கை 'அல்லது வேறு வகையில்' என்று ஒரு சொல் கிடக்கிறது. அது போதுமானதாக இருந்தது.

1991 தேர்தலுக்குப் பிறகு வந்த அவைகள் முறையாக அடுத்த தேர்தல் வரை ஓடின. என் கணக்கில், கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மையின் வழக்கில் 1994-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு இதில் பெரும் பங்கு. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தரும்வரை சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது, முடக்கி மட்டுமே வைக்கலாம் என்றது அந்தத் தீர்ப்பு. மாநிலக் கட்சிகளின் தயவில் மத்திய அரசுகள் நடந்த காலமும் அதே காலம்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொரு குழப்பம்: முதல்வர் மாறினால் பேரவை போய்விடும் என்பது. 2016-இல் அமைந்த அவை மூன்று முதல்வர்களைப் பார்த்தது. அவை அதே அவைதான். கலைந்தால்தான் வேறு கதை. பேரவையில் நிலுவையில் கிடக்கும் மசோதாக்கள் அதோடு காலாவதி. நிறைவேறி, ஒப்புதலுக்குப் போனவை தப்பிக்கும். சபாநாயகர் மட்டும் புதிய பேரவை கூடும் வரை பதவியில் இருப்பார்.

சரி, நம் கட்சிக்காரர். மிச்சக் காலமானாலும் பரவாயில்லை என்று நின்றார், தோற்றார். அந்தத் தேர்தல் செல்லாது என்று வழக்குப் போட வேண்டும் என மறுபடி வந்தார். அந்த வழக்கை, வென்றவர் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் போட வேண்டும்; தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் மனு அதில் எடுபடாது. அவர் வந்தபோது இரண்டு மாதம் ஆகியிருந்தது.