எலும்பே கிடைக்காத சோமர்லெட்டுக்குப் பங்காளிகள் கிடைத்தது எப்படி?

வாசகர் ஒருவர் டிஎன்ஏ பரிசோதனைக்கு எச்சில் அனுப்பியிருக்கிறார். ஒய் குரோமோசோம் வகை ‘ஆர்1ஏ’ என்று முடிவு வந்திருக்கிறது. அது என்னவென்று தேடிப் படித்துக்கொண்டே போனவர் கண்ணில், 12ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஆண்ட சோமர்லெட் என்ற பிரபுவுக்கும் அதே ஆர்1ஏதான் என்று பட்டிருக்கிறது. எனக்கு இரண்டு கேள்விகள் எழுதியிருந்தார். எனக்கும் அவருக்கும் உறவு உண்டா? அதைவிட முக்கியமாக, 860 வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனவருடைய டிஎன்ஏ எப்படித் தெரிந்தது, எலும்பைத் தோண்டி எடுத்தார்களா?

இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். எலும்பு எதையும் எடுக்கவில்லை. அவரைப் புதைத்தது அயோனா தீவில் என்று ஒரு மரபு சொல்கிறது, கின்டைர் தீபகற்பத்தில் உள்ள சாடெல் மடத்தில் என்று இன்னொரு மரபு சொல்கிறது. ஒரு பல்கூடக் கையில் இல்லாமல், இன்று உயிரோடு இருப்பவர்களின் எச்சிலை மட்டும் வைத்து அவருடைய ஒய் குரோமோசோம் எப்படி இருந்தது என்று சொல்லிவிட்டார்கள். மரபியலில் எனக்கு மிகப் பிடித்த கணக்குகளில் இது ஒன்று.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். சோமர்லெட் ஆர்கைல் பகுதியின் தலைவர். மான் தீவின் அரசன் ஓலாஃபின் மகள் ராக்ன்ஹில்டைக் கல்யாணம் செய்தார். 1156இல் மைத்துனன் காட்ரெட்டோடு கடற்போர் நடத்தி ஹெப்ரிடீஸ் தீவுகளில் பெரும்பகுதியைப் பிடித்தார். 1164இல் ஸ்காட்லாந்து அரசனுக்கு எதிராகப் பெரும் கப்பல் படையோடு வந்து, ரென்ஃப்ரூ அருகே ஒரு மகனோடு சேர்ந்து கொல்லப்பட்டார். மிஞ்சிய மகன்களில் டூகல் வழியில் வந்தவர்கள் மக்டூகல்கள். இன்னொரு மகன் ரானல்டுக்குப் பிறந்த டொனால்ட் வழியில் வந்தவர்கள் மக்டொனால்டுகள். அந்த டொனால்ட் வழியிலேயே கிளைத்தவர்கள் மக்கலிஸ்டர்கள். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பேசிய கேலிக் மொழியில் ‘மக்’ என்றால் மகன். இந்தக் குலங்களின் தலைவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ஏட்டில் எழுதிய கொடிவழி உண்டு. 1467ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கேலிக் சுவடியில் பல குலங்களின் வம்சாவளி வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த மரபுப்படி சோமர்லெட்டின் தந்தைவழி அயர்லாந்துக்குப் போய், ‘நூறு போர் கண்ட கோன்’ என்ற புராண அரசனில் முடிகிறது. ஆனால் சோமர்லெட் என்ற பெயரோ பழைய நார்ஸ் மொழிப் பெயர், ‘கோடையில் கடலேறிப் போகிறவன்’ என்று பொருள். வைக்கிங்குகளின் மொழியில் பெயர், அயர்லாந்து அரசர்களின் வழியில் பாட்டன். இந்த முரணைச் சரித்திரக்காரர்கள் ரொம்ப நாளாகவே பேசிக்கொண்டிருந்தார்கள்.

சரி, ஒய் குரோமோசோமுக்கு வருவோம். பள்ளியில் படித்ததுதான்: 23 ஜோடி, அதில் கடைசி ஜோடி ஆணுக்கு எக்ஸ்-ஒய். மற்ற 22 ஜோடியும் ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டுக்கட்டு மாதிரி கலைந்து சேர்ந்துதான் பிள்ளைக்குப் போகும். ஒய் மட்டும், இரண்டு முனைகளைத் தவிர, எதோடும் கலக்காமல் அப்பாவிடமிருந்து மகனுக்கு அப்படியே போகிறது. நம் ஊர்ச் சொல்லில், ஒய் குரோமோசோம் பங்காளிகளை மட்டும் இணைக்கிற கயிறு. மாமன் மச்சான் யாரும் அதில் வர முடியாது.

அப்படியே போகிறது என்றால் உலகத்தில் எல்லா ஆணுக்கும் ஒரே ஒய்தானே இருக்க வேண்டும்? இல்லை, நகல் எடுக்கும்போது தப்பு நடக்கிறது. அந்தத் தப்பு நடக்கிற விதத்தில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

ஒய் குரோமோசோமில் சில இடங்களில் நான்கைந்து எழுத்து கொண்ட ஒரு துண்டு திரும்பத் திரும்ப வரும். ஜி-ஏ-டி-ஏ, ஜி-ஏ-டி-ஏ என்று பத்துப் பதினைந்து தடவை. நோட்டில் ஸ்ரீராமஜெயம் 108 தடவை எழுதுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். எழுத்துப்பிழை வரவே வராது, கை பழகிவிட்டது. ஆனால் எண்ணிக்கை தவறும், 107இல் நிறுத்திவிடுவார்கள், அல்லது 109 எழுதிவிடுவார்கள். செல்லுக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். பாலிமரேஸ் என்ற நொதி பழைய இழையைப் படித்துக்கொண்டே புது இழையைக் கட்டிக்கொண்டு போகும்போது, நடுவில் இரண்டு இழைகளும் ஒரு கணம் விலகித் திரும்ப ஒட்டும். சாதாரண இடமாக இருந்தால் சரியான இடத்தில் மட்டும்தான் ஒட்ட முடியும், ஏனென்றால் வேறெங்கும் எழுத்துகள் பொருந்தாது. ஆனால் ஒரே துண்டு வரிசையாக வருகிற இடத்தில் ஒரு துண்டு தள்ளி ஒட்டினாலும் கச்சிதமாகப் பொருந்தும்! புது இழை ஒரு துண்டு அளவுக்கு மடிந்து புடைத்துக்கொண்டால் மகனுக்கு ஒரு துண்டு கூடும், பழைய இழை புடைத்துக்கொண்டால் ஒன்று குறையும். அப்பாவுக்கு 13, மகனுக்கு 14. இந்தச் சறுக்கல் ஒரு இடத்தில் ஆயிரம் பிறப்புக்கு இரண்டு மூன்று தடவை நடக்கிறது. ரொம்ப வேகமும் இல்லை, ரொம்ப மந்தமும் இல்லை, சில நூற்றாண்டு தூரத்தை அளக்க இதைவிடப் பொருத்தமான கடிகாரத்தை நாம் செய்து வைத்திருக்க முடியாது.

இப்போது கணக்குப் போடுங்கள். சோமர்லெட்டிலிருந்து இன்றைக்கு ஏறக்குறைய 28 தலைமுறை. டூகல் வழியில் ஒருவர், ரானல்ட் வழியில் ஒருவர் என்று எடுத்தால், இருவருக்கும் நடுவே 56 தடவை நகல் எடுக்கப்பட்டிருக்கிறது. 37 இடங்களைச் சோதித்தால் 37 பெருக்கல் 56, அதாவது 2,072 வாய்ப்புகள். ஆயிரத்துக்கு இரண்டு மூன்று என்றால் நான்கிலிருந்து ஆறு வித்தியாசம் எதிர்பார்க்கலாம். 37இல் முப்பத்துச் சொச்சம் எண்கள் ஒத்துப்போய், நாலைந்து மட்டும் ஒன்று கூடியோ குறைந்தோ இருந்தால் பங்காளி. இருபது இடத்தில் மாறினால் சம்பந்தமே இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ் இந்த வழியில்தான் போனார். முதலில் தன் குடும்பப் பெயருள்ள 48 ஆண்களைச் சோதித்து, அவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் ஒரே ஒய்யைச் சுமப்பதை 2000ஆம் ஆண்டு வெளியிட்டார். அப்புறம் ஸ்காட்லாந்துக் குலங்கள் பக்கம் வந்தபோது மக்டொனால்ட், மக்டூகல், மக்கலிஸ்டர் மூன்று பெயரிலும் ஒரே ஒய் வகை அடிக்கடி தலைகாட்டியது. அதுவும் ஆர்1ஏ. ஸ்காட்லாந்தில் அது அபூர்வம், நார்வேயில் ஏறக்குறைய கால்வாசி ஆண்களுக்கு இருக்கிறது. ஏட்டில் கொடிவழி உள்ள ஐந்து குலத் தலைவர்களிடம் மாதிரி வாங்கிப் பார்த்தார். ஐந்து பேருக்கும் அதே ஒய்.

இங்கேதான் எலும்பு தேவையில்லாமல் போகிறது. டூகலும் ரானல்டும் அண்ணன் தம்பி. இருவரின் வழியிலும் இன்று ஒரே ஒய் இருக்கிறது என்றால், அது இருவருக்கும் பொதுவான ஓர் ஆணிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். கொடிவழியில் அவர்கள் சேர்கிற இடத்தில் இருப்பது சோமர்லெட். இரண்டு ஆற்றின் தண்ணீரைச் சோதித்து, இரண்டும் கிளம்பிய சுனையின் தண்ணீரைச் சொல்வது மாதிரி. பிற்பாடு முழு ஒய் குரோமோசோமையும் படிக்கிற சோதனை வந்தது. அதில் தெரிவது எண்ணிக்கைத் தவறு இல்லை, ஒற்றை எழுத்துப்பிழை. ஏறக்குறைய 80 வருஷத்துக்கு ஒன்று விழும், விழுந்தால் அந்த வழியில் நிலைத்துவிடும். எல்லாக் கிளைக்கும் பொதுவான பிழை சோமர்லெட்டுக்கு முந்தியது, ஒரு கிளைக்கு மட்டும் உரியது அவருக்குப் பிந்தியது. இப்படியே கிளை கிளையாகப் பிரித்துக்கொண்டு போகலாம்.

ஏடும் டிஎன்ஏவும் எப்போதும் இப்படி ஒத்துப்போகும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்பு 2012இல் லெஸ்டர் நகரக் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தது. 2014இல் முடிவு வந்தபோது தாய்வழி டிஎன்ஏ பொருந்தியது, ஏட்டின்படி தந்தைவழி உறவான ஆண்களின் ஒய் பொருந்தவில்லை. நடுவில் எங்கோ ஏட்டில் எழுதிய அப்பா வேறு, பெற்ற அப்பா வேறு. மேற்கு ஐரோப்பாவில் இது தலைமுறைக்குச் சுமார் 1 சதவீதம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. 28 தலைமுறைக்குப் பெருக்கினால், ஒரு வழி அறுபடாமல் வர நூற்றுக்கு 75 வாய்ப்பு. ஐந்து தலைவர்களும் ஒத்துப்போனது அதனால்தான் என்னை அசத்துகிறது.

பாட்டன் நார்வே வழி என்று டிஎன்ஏ சொன்னதும், அந்தப் பழைய அயர்லாந்து வம்சாவளி பொய்யா என்று கேட்பார்கள். நேர் தந்தைவழிக்கு அது பொருந்தவில்லை. ஆனால் சோமர்லெட்டின் அப்பா, தாத்தா பெயர்கள் கேலிக் பெயர்கள். அந்தத் தீவுகளில் நார்வேக்காரர்கள் குடியேறி முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, பெண் கொடுத்து எடுத்து, பேச்சும் கலந்து போயிருந்தது. ஒய் காட்டுவது ஒரு கோட்டை மட்டும். 28 தலைமுறைக்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் 26.8 கோடி மூதாதையர் இடங்கள் இருக்கின்றன, பலரே திரும்பத் திரும்ப அந்த இடங்களை நிரப்பியிருப்பார்கள். அத்தனையில் ஒய் பேசுவது ஒரே ஓர் இடத்தைப் பற்றி. மொத்த டிஎன்ஏவில் அது வெறும் 2 சதவீதம். இதை வைத்துக்கொண்டு ரத்தத் தூய்மை, உயர்ந்த வம்சம் என்று பேசுவது, எந்த நாட்டில் யார் பேசினாலும், அறிவியல் பேச்சே இல்லை. எனக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. குலங்களின் கிளைகளை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்ததில் பெரும்பங்கு சொந்தக் காசு போட்டுச் சோதித்த ஆர்வலர்களுடையது, அந்தத் தரவில் பெரும்பகுதி வணிக நிறுவனங்களின் கையில் இருக்கிறது. பொதுப்பணம் இதில் இன்னும் தாராளமாக வர வேண்டும், தரவும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும்.

வாசகரின் முதல் கேள்வி பாக்கி இருக்கிறது. ஆர்1ஏ என்பது பெரிய மரம். சோமர்லெட்டின் ஒய் அதில் இசட்284 என்ற ஸ்காண்டிநேவியக் கிளை. இந்தியாவில் கிடைக்கும் ஆர்1ஏ பெரும்பாலும் இசட்93 கிளை. இரண்டும் பிரிந்து 5,000 வருஷத்துக்கும் மேல் ஆகிறது. உங்கள் முடிவில் கிளை எண் இருந்தால் பாருங்கள், அனேகமாக இசட்93ஆகத்தான் இருக்கும். அந்தத் தூரத்தை உறவு என்று சொல்ல முடியாது.

இதில் என் மனதில் நிற்பது ராக்ன்ஹில்ட். சோமர்லெட்டின் மகன்கள் தீவுகளின் அரசுரிமையைக் கேட்க முடிந்ததே அவள் அரசன் மகள் என்பதால்தான். மான் தீவின் வரலாற்றேடு அந்தக் கல்யாணத்தால்தான் ராஜ்ஜியமே குலைந்தது என்று எழுதி வைத்திருக்கிறது. அவள் பங்கு ஒய்யில் துளியும் கிடையாது. தாய்வழி டிஎன்ஏவில் தேடலாம் என்றால் அது மகள், மகளின் மகள் என்றுதான் இறங்கும். சோமர்லெட்டின் மகள் என்று ஏடுகள் பெயர் சொல்லிக் காட்டுகிற பெத்தோக், அயோனாவில் சகோதரன் ரானல்ட் கட்டிய கன்னிமடத்தின் முதல் தலைவி.