வால்மீன் பார்க்கக் கிளம்பும் முன் ஒரு கண் மருத்துவர் சொல்வது

பிரகாசமான வால்மீன் வருகிறது என்று செய்தி வந்தாலே, "டாக்டர், பைனாகுலர்ல பாத்தா கண்ணுக்கு ஏதாவது ஆகுமா?" என்று கேட்பார்கள். வால்மீனால் எந்தக் கெடுதலும் இல்லை. பயப்பட வேண்டியது பக்கத்திலேயே இருக்கும் சூரியனுக்குத்தான்.

சூரியனை நெருங்க நெருங்கத்தான் வால்மீனின் பனி ஆவியாகி வால் நீளும். ஆகவே அது நன்றாக ஒளிரும் நாட்களில் வானத்தில் சூரியனுக்குப் பக்கத்தில், பெரும்பாலும் அடிவானத்தை ஒட்டியே நிற்கும். 2024-இல் சுசின்ஷான்-அட்லஸ் என்ற வால்மீன் செப்டம்பர் கடைசியில் விடிகாலைக் கிழக்கிலும், அக்டோபர் நடுவில் மாலை மேற்கிலும் தெரிந்தது. மாலையில் சூரியன் முழுக்க மறைந்தபின் பைனாகுலரை எடுத்தால் கவலையில்லை. விடிகாலைதான் ஆபத்து. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று துழாவிக்கொண்டிருக்கும்போதே சூரியன் எழுந்துவிடும். உதய நேரத்தை முன்பே பார்த்து வைத்து, கால் மணி நேரம் முன்னதாகவே உறையில் போட்டுவிடுங்கள்.

விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டது அப்போது உறைக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவில் ஒரு புள்ளி மறைக்கும். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்துவிட்டு வந்த ஒரு மாணவர், "படிக்கும்போது நடு எழுத்து மட்டும் காணோம் சார்" என்றார். சிலருக்கு மாதக்கணக்கில் மெல்லச் சரியாகும், சிலருக்குத் தழும்பு நின்றுவிடும். நிரூபணமான மருந்து கிடையாது. பைனாகுலரோ கண்ணுக்குள் போகும் சூரிய ஒளியைப் பல மடங்கு கூட்டிவிடும். சில மலிவான தொலைநோக்கிகளோடு, கண் வைக்கும் பக்கம் திருகுகிற 'சன் ஃபில்டர்' ஒன்று வரும். சூட்டில் அது விரிசல் விடும். தயவுசெய்து தூக்கிப் போடுங்கள்.

இனி, நன்றாகப் பார்க்கும் வழி. நீண்ட வாலுக்குப் பைனாகுலர்தான் பொருத்தம். தொலைநோக்கியில் தலைப்பகுதி மட்டும் பெரிதாகத் தெரியும், வால் அடங்காது. குறைந்த உருப்பெருக்கமே போதும். இளம் வயதில் கண்ணின் பாவை இருட்டில் 7 மி.மீ. வரை விரியும், அறுபதுக்கு மேல் பலருக்கு 5 மி.மீ.கூட எட்டாது. 7×50 பைனாகுலரிலிருந்து (7 மடங்கு உருப்பெருக்கம், 50 மி.மீ. முன்வில்லை) வரும் ஒளிக்கற்றை சுமார் 7 மி.மீ. அகலம் என்பதால் பெரியவர்களுக்கு ஓரத்து ஒளி வீண். அவர்களுக்கு 5 மி.மீ. ஒளிக்கற்றை தரும் 10×50 நல்லது. கை நடுங்கினால் முக்காலியில் (ட்ரைபாட்) பொருத்திக் கொடுங்கள்.

வானம் நன்றாக இருட்டியிருந்தால் செல்போனை அணைத்துவிட்டு இருபது நிமிடம் காத்திருங்கள். பிறகு வாலை நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பாருங்கள். மங்கல் ஒளியை உணரும் குச்சி செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன.

பைனாகுலரின் வலது கண் பக்கம் பொதுவாக ஒரு தனி வளையம் இருக்கும். முதலில் இடது கண்ணால் மட்டும் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து நடுச்சக்கரத்தால் கூர்மையாக்குங்கள். பிறகு வலது கண்ணுக்கு அந்த வளையத்தைத் திருப்புங்கள். சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாடிசம்) உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம், பைனாகுலரின் வளையத்தால் அதைச் சரிசெய்ய முடியாது. இதைச் செய்யாமலே, வால்மீன் வெறும் புகைமாதிரிதான் தெரிந்தது என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.