இழுப்பா, இளக்கமா: காணொளியில் செயலைக் கணினி அறியும் விதம்

தனுஷ்கோடிக் கரையில் கரைவலை இழுப்பவர்களை ஒரே ஒரு நிழற்படமாக எடுத்தால், வரிசையாக நிற்பவர்களின் கையில் கயிறு இருப்பது தெரியுமே தவிர, அவர்கள் அதை இழுக்கிறார்களா, இளக்கி விடுகிறார்களா என்பது உறுதியாகத் தெரியாது. காணொளியின் அடுத்தடுத்த ஃபிரேம்களில், அதாவது அது தொடுத்துக் காட்டும் தனித்தனிப் படங்களில், அவர்களுடைய கால்கள் பின்வாங்குவதைக் கண்ட பிறகுதான் அது இழுப்பு என்றாகிறது.

கணினிக்கு ஒவ்வொரு ஃபிரேமும் எண்களின் கட்டம்தான். அதில் அசைவைக் கண்டறியும் பழைய வழி, ஒரு புள்ளி அடுத்த ஃபிரேமில் எத்திசையில் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடும் ‘ஒளியோட்டம்’ ஆகும். 1981இல் ஆய்வாளர்கள் ஹார்ன், ஷங்க் இருவரும் வகுத்த முறை, நகரும் புள்ளியின் வெளிச்சம் மாறாது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. கடலோரத்தில் அந்த அனுமானம் எளிதில் உடைந்துவிடுகிறது; ஆள் அசையாதபோதும் அலை அசைகிறது, நீரில் பட்ட வெயில் கணத்துக்குக் கணம் இடம் மாறி மின்னுகிறது.

2014இல் ஆய்வாளர்கள் சிமோன்யன், சிஸ்ஸர்மன் இருவரும் இரு கிளைகள் கொண்ட நரம்பணு வலையமைப்பை, அதாவது எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்கும் அடுக்கடுக்கான கணக்கீட்டு அமைப்பை, முன்வைத்தனர். ஒரு கிளை தனி ஃபிரேமையும் மற்றது ஒளியோட்டத்தையும் பார்க்க, இரண்டின் தீர்ப்பும் இறுதியில் இணைக்கப்பட்டது. 101 செயல்கள் கொண்ட யூசிஎஃப்-101 என்ற காணொளித் தொகுப்பில் இணைந்த முறை 88 விழுக்காடு சரியாகச் சொன்னது. என்னை அதைவிட யோசிக்க வைப்பது, அசைவையே பாராத முதல் கிளை மட்டும் 73 விழுக்காடு எட்டியதுதான். நீச்சல் குளத்தைக் கண்டதும் நீச்சல் என்று சொல்வதற்கு அசைவு எதற்கு? அதே போக்கில், மணலும் வலையும் கடலும் தெரிந்தாலே ‘மீன்பிடித்தல்’ என்று சொல்லிவிடும் ஒரு கணினி மாதிரி (model), கிழிந்த வலையை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருப்பவரையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடும்.

இதைத் தடுக்கவே, 2017இல் வெளியான ‘சம்திங்-சம்திங்’ காணொளித் தொகுப்பு, ஒரு பொருளை இடமிருந்து வலமாகத் தள்ளுவதையும் வலமிருந்து இடமாகத் தள்ளுவதையும் தனித்தனிச் செயல்களாக வைத்தது. அங்கே பின்புலம் கைகொடுக்காது. நீளம், அகலத்தோடு காலத்தையும் சேர்த்து வடிகட்டும் முப்பரிமாணச் சுருள் (convolution) அடுக்குகள் கொண்ட வலையமைப்புகள் இத்தகைய வேறுபாட்டைக் கற்கவல்லவை. 2019இன் ‘ஸ்லோஃபாஸ்ட்’ முறை, ஒரே காணொளியைச் சில ஃபிரேம்களில் நிதானமாகவும் பல ஃபிரேம்களில் விரைவாகவும் இணையாகப் பார்க்கிறது.

மூட்டுகளை மட்டும் புள்ளிகளாகப் பின்தொடர்வது இன்னொரு வழி. பின்புலத்தின் ஏமாற்று இதில் பெரிதும் குறைகிறது. ஆனால் கரைவலையில் ஒருவர் பின் ஒருவராக நெருங்கி நிற்பதால், ஒருவருடைய முழங்கை மற்றவருடைய கணக்கில் விழுந்துவிடும்.

பாம்பன் பகுதிப் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, கடல்பாசி எடுக்க முங்குகிறார்கள். பட்டியலில் அந்தச் செயல் இல்லையென்றால், வழக்கமான வகைப்பாட்டு மாதிரி ‘தெரியாது’ என்று சொல்லாது. தெரிந்தவற்றுள் நெருக்கமான ‘நீச்சல்’ என்பதைத் துணிந்து சொல்லும். அதைத் திருத்த, வெவ்வேறு ஊர்க் கரைகளில், வெவ்வேறு நேரங்களில் எடுத்த காணொளிகள் வேண்டும். வெறுமனே நீந்துபவர்களின் காட்சிகளும் அவற்றில் இருக்க வேண்டும். பயிற்சிக்குப் பயன்பட்ட ஒருவருடைய காட்சி சோதனையில் மறுபடி வரக் கூடாது.